தவசிக்குப் பின்னால்

தவசிக்கு வயது முப்பது. கட்டைக் குரல், மதுரைப் பக்கத்துப் பேச்சு. பொறுமைசாலி. எத்தனை திட்டினாலும் முகம் சுளிக்கமாட்டான். இத்தனை நல்ல பையன் உலகத்தில் இருப்பானா என்று உங்களுக்குச் சந்தேகம் வந்தால் அது நியாயமான சந்தேகம்தான். தவசி என்று ஓர் ஆள் கிடையாது.

இருந்தது ஒரு பொம்மை. குட்டையான இரண்டு கால்கள், ரப்பர் தோல் போர்த்திய இரண்டு கைகள், மார்பில் ஓர் ஒலிபெருக்கி, முகம் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு கண்ணாடிக் கண்கள். எங்கோ ஓர் ஊரில், ஏதோ ஒரு வீட்டில், நடமாட்டம் ஒடுங்கிப்போன ஒரு பெரியவரை அந்தப் பொம்மை காலையில் தூக்கி உட்காரவைக்கும், கஞ்சி ஊட்டும், குளிப்பாட்டும். அதன் கைகளுக்குள் இருந்து வேலை செய்தவை மங்கையர்க்கரசியின் கைகள். அவள் ஓசூரில், ஒரு கல்யாண மண்டபத்து மாடியில் இருந்த இயக்கக் கூடத்தில், கண்களை மறைக்கும் கவசமும் தோள் வரை உறையுமாக நின்றுகொண்டிருப்பாள். அவள் கையைத் தூக்கினால் அங்கே பொம்மை கையைத் தூக்கும். பொம்மை தொட்ட தண்ணீரின் சூடு இங்கே அவள் விரலில் உறைக்கும். அவள் "எந்திரிக்கலாமாய்யா?" என்று கேட்டால் அங்கே தவசியின் கட்டைக் குரல் கேட்கும்.

இந்தக் கூத்தெல்லாம் எதற்கு என்பதை ஜெபமணி அக்கா வாயால் கேட்கவேண்டும். அக்காதான் கூடத்து மேற்பார்வையாளர், தூத்துக்குடிக்காரர். புதிதாகச் சேர்ந்தவர்களை வரிசையாக நிற்கவைத்துவிட்டு, கையில் டீ டம்ளரோடு பாடம் எடுப்பார்.

"இந்தா பாருங்க பிள்ளைகளா. முன்ன நான் வீட்டு வீட்டுக்கு நேர்ல போயி நோயாளியப் பாத்துக்கிட்டவ. கதவத் தொறந்ததும் மொதக் கேள்வி என்ன தெரியுமா? 'நீங்க என்ன ஆளுக?' பதில் பிடிக்கலன்னா, 'சொல்லி அனுப்புதோம்'னு கதவச் சாத்திருவாவ. நாமளும் லேசுப்பட்டவ இல்ல. அந்தக் கெழவருக்கு வாய் மோசம், அந்தத் தெருவுல நாத்தம்னு பாதி வீட்டுக்குப் போகவே மாட்டோம். கேட்பாரில்லாமக் கெடந்தே போய்ச் சேந்தவங்க எத்தன பேரு! அதான் சர்க்காரு சட்டம் போட்டு ரெண்டு பக்கமும் திரையத் தொங்கவிட்டுட்டு. அவங்களுக்கு நம்ம முகம் தெரியாது, நமக்கு அவங்க முகம் தெரியாது. வர்றது ஆம்பளையா பொம்பளையா, எந்த ஊருப் பேச்சு, எத்தன மணிக்குக் குளியல், கஞ்சியில உப்பு எவ்வளவு, அது பூராவும் அவங்க இஷ்டம். பொறப்பு மட்டும் அவங்க இஷ்டம் இல்ல. வெளங்குதா?"

"அப்ப நம்ம இஷ்டம்க்கா?" என்று யாராவது ஒரு பெண் கேட்கும்.

"அதுக்கும் சட்டத்துல எடம் விட்டிருக்காவ. இன்னும் எழுதலை."

கூடம் சிரிக்கும். அக்காவும் சிரிப்பார். ஆனால் சிரித்து முடித்தபிறகு ஒருநாள் மங்கையிடம் வேறொன்று சொன்னார். ஒரு வீட்டில் அவர் 'காமாட்சி' என்ற பெயரில், தஞ்சாவூர்க் குரலில், ஓர் அம்மாளுக்குச் சோறு பிசைந்து ஊட்டுகிறார். அந்த அம்மாளுக்குக் காமாட்சி என்றால் உயிர். "முன்னாடி அதே மாதிரி வீட்டுல அடுப்படி வாசல்ல என்னைய நிப்பாட்டி வச்சிருக்காவ. இப்ப ஊட்டுதேன். சமத்துவம் வந்துட்டா, இல்ல எனக்கு ஒரு முக்காடு போட்டு உள்ள கூட்டிட்டுப் போயிருக்காவளா? எனக்கே தெரியல மங்கை."

மங்கைக்கும் அப்போது தெரியவில்லை. அவளுடைய கவலை வேறாக இருந்தது.

சென்ற மழைக்காலத்தில் அவளுக்கு ஒதுக்கப்பட்ட பெரியவருக்கு, இந்தச் சேவையை நடத்தும் வாரியம் வைத்த பெயர் வேம்பு. பயனாளிகளுக்கெல்லாம் மரத்தின் பெயர்தான். புங்கன், இலுப்பை, பூவரசு என்று கூடமே ஒரு தோப்பாக இருந்தது. கவசத்துக்குள் தெரிந்த வேம்பு ஐயாவின் முகம் நாட்காட்டிப் படத்தில் வரும் முகம், எல்லா மரங்களுக்கும் அதே முகம். குரல் வானொலியில் செய்தி வாசிப்பவரின் குரல். யாராவது ஊர் பேரோ ஆள் பேரோ சொன்னால் அந்த இடத்தில் திரை 'ஸ்ஸ்' என்று அடைத்துவிடும். பச்சை குத்தியிருந்தால் அதையும் அழித்துவிடும். கெட்டிக்காரத் திரை.

ஐயா கொஞ்சம் சிடுசிடுத்தவர். பக்கவாதத்தில் கால்கள் போயிருந்தன, கைகள் தேறிவிட்டன, வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. "தம்பி, கஞ்சியா இது? கம்மாயில மொண்டு வந்தியா?" என்பார். மாத்திரை சுற்றி வந்த காகிதத்தை மட்டும் கீழே போடமாட்டார். நீளவாக்கில் மடித்து இடது கை விரல்களுக்கு நடுவில் செருகிக்கொள்வார். வாய் துடைக்கக் கொடுத்த காகிதத்துக்கும் அதே மடிப்பு, அதே செருகல். அதைப் பார்த்த அன்று மங்கைக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ரூபாய் நோட்டை அப்படி மடித்துச் செருகுகிறவர்கள் பஸ் கண்டக்டர்கள். ஓய்வு பெற்ற கண்டக்டர் ஊருக்கு ஊர் இருக்கத்தான் செய்வார், அதற்கென்ன இப்போது என்று தன்னைத்தானே அதட்டிக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவர் கால்களைத் தேய்த்துக் கழுவும்போது அவள் விரல் இடது கால் கட்டைவிரலில் நின்றது. நகம் நடுவில் இரண்டாகப் பிளந்து, பிளவில் ஒரு சிறு மேடு தட்டியிருந்தது. முகத்தை மாற்றி, குரலை மாற்றி, பேரை அழித்த அந்தக் கெட்டிக்காரத் திரைக்குக் கால் நகத்தை மறைக்கத் தோன்றவில்லை.

அந்த நகம் எப்படிப் பிளந்தது என்று அவளுக்குத் தெரியும். பள்ளி விடுமுறையில் அவளைக் கூடவே பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போவார் அப்பா. ஒருநாள் படியில் நின்று வேடிக்கை பார்த்தவள் கால் வழுக்கியபோது அவர் குதித்து அவளை வாரினார். அந்தக் குதியில் கட்டைவிரல் பஸ் படிக்கும் நடைபாதைக் கல்லுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. அவளுக்கு ஏழு வயது. வீட்டில் வேறு ஆள் இல்லாததால் மாதக்கணக்கில் அவள்தான் அந்த விரலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள்.

அன்று கவசத்தைக் கழற்றியபிறகு அவள் கூடத்தின் மூலையில் போய் உட்கார்ந்துவிட்டாள். ஜெபமணி அக்கா வந்து பக்கத்தில் நின்றார்.

"அக்கா, பயனாளி தெரிஞ்சவங்களா இருந்தா..."

"உடனே எழுதிக் கொடுக்கணும். அன்னைக்கே ஆள மாத்திருவாவ." அக்கா அவள் முகத்தை ஒருமுறை பார்த்தார். "நான் ஒண்ணும் கேக்கல. நீயும் ஒண்ணும் சொல்லல. டீ ஆறுது, குடி."

மங்கை எழுதிக் கொடுக்கவில்லை.

அவள் அப்பா சோலைமலை கண்டக்டருக்கு அவள் ஒரே மகள். மூன்று வயதில் தாயைப் பறிகொடுத்த பிள்ளை. இரண்டாம் கல்யாணத்துக்கு எத்தனையோ பேர் வந்து பேசிப் பார்த்தார்கள், மனிதர் மசியவில்லை. காலை முதல் வண்டிக்குப் போகும் முன்னால் பிள்ளையைக் குளிப்பாட்டி, சடை பின்னி, பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போவார். தலையில் தண்ணீர் ஊற்றினால் அவளுக்குப் பயம், தெருவே கூடும்படி அலறுவாள். அதற்கு அவர் கண்டுபிடித்த வழி, பஸ்ஸின் தகரத்தில் தட்டுவதைப்போலச் செம்பால் வாளியில் 'டொக் டொக்' என்று இரண்டு தட்டு. தட்டினால் அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொள்ளவேண்டும். மூடிக்கொண்டு அவளாக "ரைட்!" என்று சொன்னால்தான் தண்ணீர் விழும். சொல்லாவிட்டால் விழாது. சில நாள் சொல்லாமலே அடம்பிடிப்பாள். செம்பைத் தூக்கிப் பிடித்தபடி அவர் காத்துக்கொண்டிருப்பார், டிப்போவில் வண்டியும் காத்துக்கொண்டிருக்கும்.

அப்படி வளர்த்த மனிதர்தான், அவள் எட்வினைக் கட்டிக்கொள்கிறேன் என்று வந்து நின்றபோது வீட்டு வாசலில் வைத்து ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அதை அவர் கத்திக்கூடச் சொல்லவில்லை. டிக்கெட் எடுக்காத ஆளிடம் சொல்கிற அதே குரலில், "எறங்கிக்க" என்றார். அவள் இறங்கினாள். அதற்குப்பிறகு எத்தனையோ முறை போன் செய்து பார்த்தாள், எடுக்கவில்லை. ஒருமுறை நேரில் போனபோது வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. இருபது வருஷத்துக்கு மேல் ஓடிவிட்டது.

இப்போது தினமும் காலையில் அவர் முதுகை அவள் தேய்த்தாள். முதுகுத் தண்டு விரலில் ஒவ்வொரு முடிச்சாகத் தட்டுப்பட்டது. சட்டை போட்டுவிடும்போது அவர் கை தவசியின் தோளைப் பிடித்துக்கொள்ளும், ஓசூரில் அவள் தோள் கனக்கும். அந்தக் கனத்துக்காகவே அவள் காலையில் எழுந்து ஓடிவந்தாள். விடுமுறை நாளில் என்ன செய்வது என்று தெரியாமல் வீட்டில் பாத்திரத்தை உருட்டினாள். ஒரே ஒரு ஆசைதான் அவளை அரித்தது. அவர் வாயால் தன் பேரை ஒருமுறை கேட்கவேண்டும். திட்டியாவது சொல்லட்டும். அவரோ பஸ்ஸைப் பற்றிப் பேசினார், சில்லறைத் தகராறுகளைப் பற்றிப் பேசினார், செத்துப்போன டிரைவர்களைப் பற்றிக்கூடப் பேசினார். மகள் என்று ஒரு சொல் அவர் வாயில் வரவில்லை.

"பிள்ளைங்க இருக்காகளாய்யா?" என்று ஒருநாள் துணிந்து கேட்டாள்.

"கஞ்சிக்கு உப்புப் போட்டியா?" என்றார் அவர்.

எட்வினிடம் சொன்னாள். அவன் தலைமையாசிரியன், எதையும் யோசித்துத்தான் பேசுவான். சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் கையை நிறுத்தினான்.

"அவரு என்ன கேட்டிருந்தார், மங்கை?"

"எத?"

"கவனிக்க ஆள் கேட்டப்ப. ஆம்பள ஆளுதானே கேட்டிருந்தார்?"

"எல்லா வீட்டுலயும் அப்படித்தான் நடக்குது. ஆம்பள கேட்டா ஆம்பளக் குரல் போகும். குரலுக்குப் பின்னால யாருங்கிறது அவங்களுக்குத் தேவையில்ல. எங்களுக்கும் சமமா வேல கெடைக்கணுமில்ல?"

"யாரோ ஒரு பொம்பளன்னா சரி. நீ மகள். தன் உடம்ப யார் பாக்கலாம், யார் பாக்கக்கூடாதுன்னு சொல்ற உரிமை அவருக்கு இருக்கு. என்னைய வீட்டுக்குள்ள விடாத மனுஷன்தான். இருந்தாலும் இருக்கு. உன் ஆசைக்காக அதை அவருக்குத் தெரியாம எடுத்துக்கிறது சரியா?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அதற்குச் சில நாள் கழித்து, காய்ச்சலென்று அவள் வேலைக்குப் போகவில்லை. அப்படிப்பட்ட நாள்களில் வேறு யாராவது தவசிக்குள் நுழைவார்கள். பயனாளிக்கு வித்தியாசமே தெரியாது என்று வாரியம் சத்தியம் செய்திருந்தது. மறுநாள் குளியலறையில் ஐயாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து வெந்நீர் விளாவிக்கொண்டிருந்தாள்.

"நேத்து வந்த தவசி நீயில்லையே" என்றார் அவர்.

அவள் கை நின்றது. "நாந்தான்யா வந்தேன்."

"பொய் சொல்லாத தம்பி. நேத்து வந்தவன் சொல்லாமக் கொள்ளாம தலையில ஊத்திட்டான். காதெல்லாம் தண்ணி." அவர் குழாயைப் பார்த்தபடியே சொன்னார். "நீ ரெண்டு தட்டுத் தட்டிட்டுல்ல ஊத்துவ."

மங்கை கையிலிருந்த செம்பைப் பார்த்தாள். செம்பு வாளியின் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. மாதக்கணக்காகத் தினமும் தட்டியிருக்கிறாள். வாழ்நாள் முழுக்கத் தன் தலையில் ஊற்றிக்கொள்ளும்போதும் தட்டியிருக்கிறாள். மற்றவர்கள் தட்டமாட்டார்கள் என்பதே அவளுக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

"ஊத்து, குளுருது" என்றார். அவள் ஊற்றினாள். தட்டுவதா வேண்டாமா என்று தயங்கி, தட்டாமலே ஊற்றினாள்.

தெரிந்துவிட்டதா? தெரிந்திருந்தால் அந்தக் கணமே கூச்சல் போட்டுத் துரத்தியிருக்கமாட்டாரா? தெரியாவிட்டால் ஏன் அதை எடுத்துச் சொன்னார்? அந்த வாரம் முழுவதும் அவளுக்கு வேறு நினைப்பே இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஜெபமணி அக்கா கூடத்தின் நடுவில் நின்று கையைத் தட்டினார். "எழுதாம விட்டிருந்த எடத்த எழுதிட்டாவ! கேட்டுக்கிடுங்க. இனிமே ஆறு மாசம் ஒரே ஆளப் பாத்தவங்க, இஷ்டப்பட்டா திரைய விலக்கிக்கிடலாம். ரெண்டு பக்கமும் தனித்தனியாக் கேப்பாவ. ரெண்டு பேரும் சரின்னா மறுநா காலையில முகம் தெரியும். ஒருத்தர் வேண்டாம்னாலும் இப்ப உள்ளபடியே ஓடும். வேண்டாம்னு சொன்னவங்கள ஏன்னு யாரும் கேக்கக் கூடாது."

பிறகு மங்கையைத் தனியாகக் கூப்பிட்டார். "நல்லா யோசிச்சுக்க. நீ சரின்னு சொல்லி அவரும் சரின்னுட்டு, வந்து பாத்தா நீ நிக்க. அப்புறம் அந்த மனுசன் என்ன சொல்லுவாருன்னு உனக்குத்தான் தெரியும். சொல்லாம இருந்தா தவசியாவது மிஞ்சும்."

"தவசியாவே இருந்தா நான் திருடிதான்க்கா."

அக்கா ஒதுங்கி வழிவிட்டார். மங்கை சின்ன அறைக்குள் போய், கேட்ட கேள்விக்குச் சம்மதம் என்றாள். வெளியே வந்தாள். எட்வினுக்குப் போன் செய்து, "சொல்லிட்டேன்" என்றாள். "நல்லது செஞ்ச" என்றான் அவன்.

மறுநாள் அவள் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வந்தாள். ஜெபமணி அக்கா பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார். கவசத்தை மாட்டும் முன்னால் மங்கை கண்ணை மூடிக்கொண்டாள். மாட்டிக்கொண்டு மெல்லத் திறந்தாள். கட்டிலில் நாட்காட்டி முகம் படுத்திருந்தது. வானொலிக் குரல், "வா தம்பி" என்றது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

இரண்டு தட்டு யாருடையது என்று தெரிந்தும் சொல்லியிருக்கிறார். இருபது வருஷத்துக்குமுன் வாசலில் கேட்ட அந்த ஒரு வார்த்தையை இன்னொரு முறை சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். அவளுக்கு அழுகைகூட வரவில்லை. வேலை இருந்தது. அவரைத் தூக்கினாள், நாற்காலியில் வைத்துக் குளியலறைக்குக் கொண்டுபோனாள், வெந்நீர் விளாவினாள். துண்டை மறந்துவிட்டாள். எடுத்துக்கொண்டு திரும்பியவள் குளியலறைப் படியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே போகக் கால் வரவில்லை. தன்னை வேண்டாமென்ற மனிதரின் உடம்பைத் தொட இனி எனக்கு என்ன பாத்தியதை என்று மனது கேட்டது. கழற்றி வைத்துவிட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடலாம் என்று தோன்றியது.

"தம்பி" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

"சொல்லுங்கய்யா."

"நேத்து ஒரு அம்மா போன்ல கூப்புட்டுச்சு. திரைய வெலக்கிரவான்னு கேட்டுச்சு. வேணாம்னுட்டேன்."

தவசி துண்டோடு படியிலேயே நின்றான்.

"ஏன்னு யாரும் கேக்க மாட்டாகளாம். அந்தம்மா சொன்னுச்சு. ஆனா ஒன்ட்டச் சொல்லணும்." அவர் இடுப்பில் கட்டியிருந்த துண்டின் ஓரத்தை நீளவாக்கில் மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "எனக்கு ஒரு மக இருக்கா. பேரு ஸ்ஸ்."

மங்கை கவசத்துக்குள் உதட்டைக் கடித்தாள். இத்தனை மாதம் எதற்காகத் தவம் கிடந்தாளோ அந்த ஒரு சொல்லைத் திரை தின்றுவிட்டது. சொன்னார். அவர் உதடு அசைந்தது. அது அந்தக் குளியலறையில் ஒலித்து அங்கேயே அடங்கியிருக்கும்.

"அவ அம்மா போனதுலருந்து நாந்தான் குளிப்பாட்டுவேன். வளந்து வந்து ஒருத்தனக் கட்டிக்கிறேன்னா. எறங்கிக்கன்னுட்டேன். எதுக்குச் சொன்னேன்? சாதி சனம் என்ன சொல்லுமோன்னு சொன்னேன். இப்ப இந்தக் கட்டிலச் சுத்திப் பாரு, ஒரு சாதி சனத்தக் காணோம்." கொஞ்சநேரம் மூச்சு வாங்கினார். "இப்ப திரைய வெலக்கி, அவ வந்து முன்னால நின்னான்னு வையி. மொத நாளு ரெண்டு பேரும் அழுவோம். மறுநாளு? இந்தத் துண்டோட அவ முன்னால ஒக்கார என்னால ஆகுமா? செத்தாலும் ஆகாது. வேற ஆள அனுப்புங்கன்னு நானே கேட்டுருவேன். அப்புறம் அவ மகளாயிருவா. என்னைக்காச்சும் ஒருநா வருவா, ஆப்பிளு வச்சிட்டுப் போவா. எனக்கு ஆப்பிளு வேணாம் தம்பி. ஆனா தவசி முன்னால எனக்குக் கூச்சமில்ல. தவசி தெனமும் வருவான்."

தண்ணீர்க் குழாய் சொட்டியது. அதை மூடவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது, நகர முடியவில்லை.

"வேணாம்னு சொன்னது யாரையும் எறக்கிவிடுறதுக்கு இல்ல" என்றார் அவர். "ஆனா இது என் இஷ்டம். தவசிக்கு இஷ்டமான்னு கேக்கணும்ல? பேரும் கெடையாது, மொகமும் கெடையாது, அந்தக் கட்டக் கொரலுலயே கடேசி வரைக்கும் இருக்கணும். கஷ்டந்தான். முடியாதுன்னா போயிரலாம். நான் கோவிச்சுக்க மாட்டேன். ஒரு தரம் கோவிச்சுக்கிட்டதே போதும்."

மங்கைக்கு அப்பா என்று ஒருமுறை கூப்பிடவேண்டும்போல் இருந்தது. கூப்பிட்டால் அந்தப் பெரியவர் கட்டிவைத்திருந்தது அத்தனையும் சரிந்துவிடும். இனி எந்நாளும் கூப்பிட முடியாது என்பது அப்போது அவளுக்கு முழுதாக விளங்கியது. விளங்கியதும் இவ்வளவு நேரம் வராத அழுகை வந்தது. கண்ணாடிக் கவசத்துக்குள் பார்வை கலங்கியது. கையில் உறை இருப்பதை மறந்து, கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கிவிட்டாள்.

அங்கே, குளியலறைப் படியில் நின்ற பொம்மை, ரப்பர்க் கையை உயர்த்தித் தன் கண்ணாடிக் கண்களைத் துடைத்தது.

பெரியவர் திரும்பிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நாட்காட்டி முகத்தில் என்ன தெரிந்துவிடும்? ஒன்றும் தெரியவில்லை. பிறகு வானொலிக் குரலில், ஆயிரம் பயணிகளிடம் ஆயிரம் முறை சொல்லிப் பழகிய அந்தச் சாதாரண வார்த்தையைச் சொன்னார். அதில் ஆள் பேர் இல்லை, ஊர் பேர் இல்லை. அடைப்பதற்குத் திரைக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

"படியில நிக்காதம்மா. உள்ள ஏறி வா."

அவள் ஏறி உள்ளே போனாள். சொட்டிக்கொண்டிருந்த குழாயை மூடினாள். செம்பில் தண்ணீர் மொண்டு, வாளியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள்.

அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"ரைட்" என்றார்.

மங்கை தண்ணீரை ஊற்றினாள்.